பந்து டூட்டி

2003-ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று மாலை நாலே காலுக்கு, நாரணாபுரம் விலக்கை ஒட்டிய பொட்டலில் பேப்பர் கடை ஆசிக் தூக்கி அடித்த சிவப்பு டென்னிஸ் பந்து கீழே இறங்கவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அந்த வாரமும் இறங்கவில்லை, அந்த வருஷத்துத் தீபாவளிக்கும் இறங்கவில்லை. மூன்று பனை உயரத்தில், அந்தப் பக்கமும் சாயாமல் இந்தப் பக்கமும் சாயாமல், அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அதே வாரத்தில்தான் சிவகாசி மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்து, கொண்டுவந்தவர்கள் கூடையோடு போட்டுவிட்டுப் போனார்கள் என்பதால் பலருக்குத் தேதி நன்றாக நினைவிருக்கிறது. நம்பாதவர்கள் விலக்கில் இறங்கி டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். பந்தைப் பார்க்காதவர் என்று அந்தப் பக்கம் ஒருவரும் கிடையாது.

பந்துக்கு அடியில் கையை ஏந்திக்கொண்டு நின்றவன் பெத்தணன். லட்சுமிகாந்தம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை. வெடிமருந்தைச் சலித்துக் கலக்கிக் கொடுக்கிற அறை அது. அலுமினியப் பொடி படிந்து, வேலை முடிந்து வெளியே வரும்போது ஆள் வெள்ளிச் சொம்பு மாதிரி இருப்பான். ஆனால் அவனுடைய தொழில் அது இல்லை. தீபாவளி முடிந்ததும் அந்த வட்டாரத்தில் கம்பெனிகளை ஒரு மாதம் போலப் பூட்டிவிடுவார்கள், பூட்டிய கையோடு கிரிக்கெட் டோர்னமெண்ட் தொடங்கிவிடும். ஒவ்வொரு கம்பெனிக்கும் டீம் உண்டு, டீம்களுக்கு வாடகைக்கு ஆடப் போகிற ஆட்களும் உண்டு. மற்றவர்களை மட்டைக்காகவும் பந்துவீச்சுக்காகவும் கூப்பிட்டார்கள். பெத்தணனைக் கூப்பிட்டது பவுண்டரிக் கோட்டில் நிற்க. மட்டையைக் கொடுத்தால் முதல் பந்திலேயே வெளியே வந்துவிடுவான், பந்து வீசச் சொன்னால் அம்பயருக்கே ஆபத்து. ஆனால் அவன் நிற்கிற பக்கம் உயரமாகப் போன பந்து ஒன்றுகூட மண்ணைத் தொட்டதில்லை. கோட்டோரம் நிற்கிறதுக்கு ஒரு ஆளா என்று கேலி பேசிய டீம்கள் அடுத்த வருஷம் அவனைத் தேடி வேன் அனுப்பின.

காரணம், பந்துகள் அவனுக்காகக் காத்திருந்தன. 1998-இல் சாத்தூர் ஆட்டத்தில்தான் முதலில் கவனித்தார்கள். அவன் மைதானத்தின் மறுகோடியில் இருந்து ஓடிவருகிற வரைக்கும் பந்து மேலே ஒரு மூச்சு நேரம் நின்று, அவன் வந்ததும் கைக்குள் விழுந்தது. அடுத்த வருஷம் அவிழ்ந்த ஷூ நாடாவை அவன் கட்டி முடிக்கும்வரை நின்றது. 2001-இல் ராஜபாளையத்தில், கோட்டோரம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவன் கிளாஸைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிற வரைக்கும் நின்றது. எதிர் டீம் கத்தித் தீர்த்தது. ரிட்டயர்டு பி.டி. வாத்தியார் சீனிவாசகம்தான் எல்லா ஆட்டத்துக்கும் அம்பயர், அவர் சட்டப் புத்தகத்தை நாலு தடவை புரட்டிவிட்டு, மேலே போன பந்து எத்தனை நிமிஷத்துக்குள் கீழே வரவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை, ஆகவே அவுட் என்றார். அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆசிக் சிவகாசி டவுன் டீமுக்கு ஆடினான். அப்பாவின் பேப்பர் கடையில் ரீம் ரீமாகத் தூக்கித் தூக்கி இரும்பான தோள்கள். காணும் பொங்கல் பைனலில் கடைசிப் பந்துக்கு டவுன் டீமுக்கு ஐந்து ரன் தேவைப்பட்டது. ஆசிக் அடித்தான். பந்து பெத்தணன் பக்கம் ஏறியது. பெத்தணன் நாலு எட்டு நகர்ந்து அடியில் வந்து கையை ஏந்தினான். எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆசிக்கும் எதிர்முனைக்காரனும் ஓடத் தொடங்கினார்கள், பந்து இறங்காததால் நிற்காமல் ஓடினார்கள், நூற்றுப் பதினாலு ரன் ஓடி இரண்டு பேரும் பிட்சிலேயே மல்லாந்துவிட்டார்கள். சீனிவாசகம் அப்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். பந்து பெத்தணன் கையில் விழுந்தால் லட்சுமிகாந்தம் டீம் ஜெயித்தது. தரையில் விழுந்தால் நூற்றுப் பதினாலு ரன்னும் கணக்கு, டவுன் டீம் ஜெயித்தது. விழுகிற வரைக்கும் ஆட்டம் தொடர்கிறது. பரிசுக் கோப்பை டீக்கடை அலமாரிக்குப் போனது. இன்னொரு பரிசான செவலைக் கிடாயை, ஆட்டம் முடியாமல் வெட்ட முடியாது என்பதால், பொட்டலிலேயே கட்டிப் போட்டார்கள்.

எல்லாம் நடந்து முடிந்ததற்கு ஒரு சொல்தான் காரணம். லட்சுமிகாந்தம் டீமின் கேப்டன் முத்துக்கருப்பன், கம்பெனியில் போர்மேன். பட்டாசுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது வெடியை மேலே ஏற்றிச் சோதிக்கும்போது அது வெடிக்காமல் போனால், அடியில் பார்த்துக்கொண்டிருக்கிறவன் அது இறங்குகிற வரை இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. எல்லாரும் சிதறி ஓடினால் வெடி எங்கே விழும் என்று சொல்ல ஆள் இருக்காது, அதற்காக யாரோ வைத்த ஏற்பாடு. முத்துக்கருப்பனுக்கு இருபது வருஷம் அதிலேயே ஊறிப்போன வாய். பந்து மேலே நிற்பதைப் பார்த்ததும் அந்த வாய் தானாகக் கத்தியது.

"ஏலே பெத்தணா, நகராதலே! இருந்த எடத்துலயே இரு!"

பெத்தணன் இருந்தான். சுற்றி நின்ற அத்தனை பேரும் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள், அதனால் ஒருத்தருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. இருட்டுவதற்குள் முத்துக்கருப்பன் சுண்ணாம்பு கொண்டுவந்து அவனைச் சுற்றி இருபது எட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டான். அதற்குள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், உட்காரலாம், படுக்கலாம், கோட்டைத் தாண்டக் கூடாது. மாற்று ஆள் வைக்கலாமா என்று கேட்டதற்கு, டோர்னமெண்ட் நோட்டீஸில் ஒன்பதாவது விதியாக 'பெயர் கொடுத்த ஆட்டக்காரருக்குப் பதில் வேறு ஆள் இறக்கக் கூடாது' என்று அச்சடித்திருப்பதைச் சீனிவாசகம் காட்டினார். வட்டத்துக்குள் அவன் எந்த மூலைக்குப் போனாலும் பந்து சரியாக உச்சந்தலைக்கு மேலேதான் தெரிந்தது. அதைப் பெத்தணனே ஒரு நாள் கேட்டான். உயரத்தில் இருக்கிறது எல்லாமே அப்படித்தான் தெரியும், நிலாவைப் பார்த்ததில்லையா என்றார் சீனிவாசகம். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் விட்டுவிட்டான்.

அவனுக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து மாதம். மனைவி குருவம்மாள் அதே கம்பெனியில் வெடிச் சரம் பின்னினாள். காலையில் கம்பெனி வேன் விலக்கில் நிற்கும்போது இறங்கி ஓடிவந்து தூக்குவாளியைக் கோட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு, சாயங்காலம் வருகிற வேனில் இறங்கி அதை எடுத்துக்கொண்டு போவாள். முதல் மாதம், இந்தா விழுந்துவிடும், அந்தா விழுந்துவிடும் என்று அவளும் அண்ணாந்து பார்த்தாள். இரண்டாவது மாதம் கழுத்து வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள். மூன்றாவது மாதம், கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, தான் முழுகாமல் இருப்பதைச் சொன்னாள். பெத்தணன் சிரித்து, அழுது, கையைத் தட்டி, நாலு சுற்று வட்டத்துக்குள்ளேயே ஓடினான். ஓடி முடித்ததும் மேலே பார்த்துக்கொண்டான். அந்த ஒரு பார்வை அவளுக்கு முள்ளாகக் குத்தியது, ஆனாலும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

லட்சுமிகாந்தம் முதலாளி இதில் நஷ்டப்படவில்லை. முதலில், வேலைக்கு வராதவனுக்கு எதற்குக் கூலி என்றுதான் கேட்டார். பிறகு பொட்டலுக்கு வந்து பந்தைப் பார்க்கிற கூட்டத்தைப் பார்த்தார். அந்த வருஷ சீசனுக்கே 'நிற்கும் பந்து' என்று ஒரு ராக்கெட் பாக்கெட் இறங்கியது. லேபிளில் பெத்தணன் நீல டவுசர், சிவப்புப் பனியன், அவனுக்கு இல்லாத பெரிய மீசை, அண்ணாந்த முகம், அதற்கு மேலே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு பந்து. ராக்கெட் என்னவோ எல்லா ராக்கெட்டும் போல ஏறி வெடித்து முடிந்தது, ஆனால் வடக்கே இருந்து ஆர்டர் வந்து குவிந்தது. வருகைப் பதிவேட்டில் பெத்தணன் பேருக்கு நேரே 'பந்து டூட்டி' என்று எழுதச் சொன்னார் முதலாளி. வட்டத்துக்குள் தகரக் கொட்டகை, குழாய், மூலையில் கக்கூஸ் எல்லாம் வந்தன. 2005-ஆம் வருஷக் காலண்டரில் அவன் படம் வந்தது. பந்து கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுலே என்று தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தபோது சொன்னார். விழுந்தால் பிடி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை என்பதைப் பெத்தணன் கவனிக்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, பெத்தணனுக்கும் அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. மருந்து அறையில் மூச்சை எண்ணி எண்ணி விட்டவனுக்கு இப்போது பொட்டல் காற்று முழுக்கச் சொந்தம். தோலில் இருந்த வெள்ளி உதிர்ந்து, சொந்த நிறம் வந்தது. மழை பெய்து ஓய்ந்தபின் பந்தில் இருந்து மட்டும் அரை நாளைக்கு அவன் தலையில் சொட்டும். வெயிலில் சிவப்புச் சாயம் வெளுத்து, மூன்றாம் வருஷம் பந்து பழைய செங்கல் நிறத்துக்கு வந்தது. காக்கா உட்கார்ந்து பார்க்கும், வழுக்கிவிட்டு எழுந்து போகும். செவலைக் கிடா அவன் போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே நடந்து, அவன் அண்ணாந்தால் தானும் அண்ணாந்தது. வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து ஆசிக் பைக்கில் வருவான். முதலில் பந்து எப்போது தரையில் விழும் என்று பார்க்க வந்தவன், பிறகு சும்மாவே வந்தான். கல்யாணமானதும் மனைவி ஹஸ்னா கொடுத்துவிட்ட பிரியாணியோடு வந்தான். "அண்ணே, நான் அடிச்ச அடிக்கு நீங்க ஜெயிலுக்குப் போன மாதிரி ஆயிருச்சே" என்று ஒரு தடவை மனம் பொறுக்காமல் சொன்னான். பெத்தணன் சிரித்தான். இதுவரைக்கும் ஒரு கேட்ச்கூட விட்டதில்லை தம்பி, இதை விட்டால் அப்புறம் நான் யார் என்று கேட்டான்.

பெண் குழந்தை பிறந்தது 2003 புரட்டாசியில். ரோஜா என்று பேர் வைத்தார்கள். பதினோராம் நாள் குருவம்மாள் பிள்ளையைக் கொண்டுவந்து கோட்டைத் தாண்டி அவன் மடியில் கொடுத்தாள். பிள்ளை முதலில் பார்த்தது அப்பன் முகத்தை இல்லை, முகத்துக்கு மேலே நின்ற பந்தைத்தான் என்று குருவம்மாள் இன்றைக்கும் சொல்வாள். அது தவழ்ந்தது நாரணாபுரத்தில், நடந்தது நாரணாபுரத்தில், எல்லாமே பெத்தணனுக்குச் செய்தியாகத்தான் வந்தது. 2006 மாசியில் அவன் அம்மா செத்துப்போனாள். பாடையைப் பொட்டல் வழியாகக் கொண்டுவந்து வட்டத்துக்குள் இறக்கினார்கள். வாய்க்கரிசி போட்டான், குளிப்பாட்டுகிற நீர்மாலைத் தண்ணீரைக் கொட்டகைக் குழாயிலேயே எடுத்தான், கால்மாட்டில் விழுந்து கும்பிட்டான். சுடுகாடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. கொள்ளி வைக்கத் தம்பி போனான். புகை எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு பெத்தணன் கோட்டு ஓரத்தில் நின்றான், அவன் கால் கட்டைவிரல் சுண்ணாம்பில் பட்டு வெள்ளையாகியிருந்தது. போய்விடலாம் என்று நினைத்தான், சத்தியமாக நினைத்தான். அந்த நேரம் பார்த்து மேலே இருந்து காற்றில் 'உய்' என்று ஒரு சத்தம் கேட்டமாதிரி இருந்தது, காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான். அன்றைக்குக் குருவம்மாள் சோறு கொண்டுவரவில்லை.

மறுநாள் வந்தாள். வந்து உட்கார்ந்து, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. மத்த பந்தெல்லாம் நீங்க கையை ஏந்துனதும் வந்துச்சுல்ல? இது மட்டும் ஏன் வர மாட்டேங்குது?" என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும். இது எறங்கிருச்சுன்னா நீங்க மறுபடி மருந்து அறைக்குப் போகணும். அதுக்கும் அது தெரிஞ்சிருக்கு, ஒங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. அம்புட்டுத்தான். நான் மட்டும் தெனமும் அந்த மருந்துக்குள்ளயே உக்காந்து சரம் பின்னுதேன்."

பெத்தணன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். குருவம்மாள் தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனாள். அதற்கப்புறமும் இரண்டரை வருஷம் ஒரு நாள் தவறாமல் சோறு கொண்டுவந்தாள், ஆனால் உட்காரவில்லை. ரோஜாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று டீச்சர் கேட்டதற்கு, "பந்துக்குக் கீழ நிக்காக" என்றது பிள்ளை. டீச்சரும் அதையே எழுதிக்கொண்டார், ஏனென்றால் அது உண்மை.

2008 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது குருவம்மாள் வேலை பார்த்த ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டில் தீப்பிடித்தது. உயிர்ச்சேதம் இல்லை, இரண்டு பெண்களுக்குக் கை வெந்துபோனது. குருவம்மாள் மடியில் பின்னிக்கொண்டிருந்த சரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தாள், வெளிக் கேட்டைத் தாண்டினாள், அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் புடைக்கிற வேலை இருக்கிறது என்று சூலக்கரையில் இருந்த அவள் அக்கா வீரலட்சுமி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சூலக்கரையிலேயே வீடும் பார்த்து வைத்துவிட்டாள். தீபாவளி முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, குருவம்மாள் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்கு நிறையப் பாத்திரம், ரோஜா, இவ்வளவோடும் பொட்டலுக்கு வந்தாள். அன்றைக்கு ஆசிக்கும் இருந்தான், டீக்கடையில் முத்துக்கருப்பனும் சீனிவாசகமும் இருந்தார்கள்.

"போய்ட்டு வாறோம். கொட்டகைக்குள்ள மூணு நாளைக்கு ஊறுகாயும் அவலும் வச்சிருக்கேன். அதுக்கப்புறம் நீங்களாப் பாத்துக்கோங்க" என்றாள் குருவம்மாள். திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் பெத்தணனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பந்து விழுந்ததும் வந்துவிடுகிறேன் என்று அவன் சொன்னான். அதை அவள் காதில் வாங்கியமாதிரியே தெரியவில்லை. விலக்கில் விருதுநகர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெட்டியைத் தூக்கி மேலே போட்டார். குருவம்மாள் ஏறிவிட்டாள். ரோஜா மட்டும் படியில் இருந்து இறங்கி ஓடிவந்து, கோட்டுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கியது.

"அப்பா, பஸ்ல எடம் இருக்கு. வாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவிட்டது. பிள்ளைக்கு அது பெரிய விஷயமே இல்லை, இடம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தது.

பெத்தணன் கோட்டைத் தாண்டினான். முதல் எட்டு வைத்தபோது செருப்பு இல்லை என்பது நினைவுக்கு வந்தது, இரண்டாவது எட்டில் ஓடத் தொடங்கிவிட்டான். டீக்கடையில் இருந்து முத்துக்கருப்பன், "ஏலே, நகராதலே! நகராதலே!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தான். கிடா கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. ஆசிக் ஒரு கணம் மலைத்து நின்றான். பந்து இப்போது தரையில் விழுந்தால் அவனுடைய டீம் ஜெயித்துவிடும், நூற்றுப் பதினாலு ரன்னும் அவன் பேரில் ஏறும். அவன் என்ன செய்தான் என்றால், வட்டத்துக்குள் பாய்ந்து, பெத்தணன் ஆறு வருஷமாக நின்ற இடத்தில் நின்று, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டான். மண்ணில் விழ விடமாட்டேன் அண்ணே என்று அவன் கத்தியது பெத்தணனுக்குக் கேட்கவில்லை. பெத்தணன் காதில் இருந்தது ஒரே சத்தம், இன்னும் வராத சத்தம், பின்னால் எங்கேயோ பந்து மண்ணில் 'டொப்'பென்று விழப்போகிற சத்தம். அவன் வாழ்க்கையில் விடப்போகிற முதல் கேட்ச். அதைக் கேட்கக் கூடாதென்று பஸ்ஸில் ஏறியதும் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். கண்டக்டர் எங்கே போகணும் என்று மூன்று தடவை கேட்டார். "எங்ககூடத்தான்" என்று குருவம்மாள் டிக்கெட் எடுத்தாள்.

திருத்தங்கல் தாண்டுகிற வரைக்கும் அவன் தலையை நிமிர்த்தவில்லை. குருவம்மாள் அவன் முதுகில் கையை வைத்திருந்தாள். விட்டுட்டேன், விட்டுட்டேன் என்று அவன் முனகிக்கொண்டே வந்தான். ஜன்னல் ஓரம் இருந்த ரோஜா தலையை வெளியே நீட்டி மேலே பார்த்துவிட்டு, சாவகாசமாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"அம்மா, நம்ம பந்தும் வருது."

குருவம்மாள் எட்டிப் பார்த்தாள். வந்துகொண்டுதான் இருந்தது. பஸ்ஸுக்கு நேர் மேலே, அதே மூன்று பனை உயரத்தில், பழைய செங்கல் நிறத்தில், பஸ் வேகம் எடுத்தால் வேகம் எடுத்து, பஸ் நின்றால் நின்று. அப்புறம் தூக்குவாளி மூடியைக் கழற்றி அவன் தோளில் ஒன்று வைத்தாள், இன்னொன்று வைத்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாவி மனுசா! ஆறு வருசம்! ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு வெளிய வச்சுப் பாத்திருந்தீகன்னா அது ஒங்ககூடவே வந்திருக்குமே! ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும், அத்தையைக் காட்டுக்குக் கொண்டுபோகையில வந்திருக்கும். எங்க போனாலும் வந்திருக்குமே!"

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. பெத்தணன் ஜன்னல் வழியாக மேலே பார்த்தான், பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதான். கேட்ச் போகவில்லை என்பதற்காக இல்லை. அம்மாவின் புகை எழும்பிய திசையையும், தன் கால் கட்டைவிரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பையும் நினைத்து அழுதான். விருதுநகர் வருகிற வரைக்கும் அழுதான். ரோஜா தன் பாவாடை நுனியால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டது.

பொட்டலில் ஆசிக் இன்னும் கையை ஏந்திக்கொண்டு நின்றான். தன் கைக்கு மேலே இருந்த பந்து மெதுவாக நகர்ந்து, டீக்கடைக் கூரையைத் தாண்டி, பஸ் போன திசையில் போனதை அவன் கண்ணால் பார்த்தான். முத்துக்கருப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மாசாமாசம் ஒண்ணாந்தேதி அந்தக் கோட்டைப் புதுப்பித்தவன் அவன்தான். சீனிவாசகம் ஸ்கோர் நோட்டை எடுத்து, ஆறு வருஷத்துக்குப் பிறகு புது வரி ஒன்று எழுதினார்: 'பீல்டர் நகர்ந்தார். பந்தும் நகர்ந்தது. ஆட்டம் தொடர்கிறது.' லட்சுமிகாந்தம் முதலாளி இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி. மூன்றாம் நாள் லேபிள் வரைகிறவரைக் கூப்பிட்டு, பந்துக்கு அடியில் ஒரு பஸ்ஸையும் சேர்த்து வரையச் சொன்னார். 2009 சீசனில் அதுதான் அதிகம் போனது.

செவலைக் கிடாயை ஆசிக் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சூலக்கரையில் விட்டுவிட்டுப் போனான். ஆட்டம் முடியாததால் அதை வெட்டுகிற உரிமை இன்னும் ஒருத்தருக்கும் இல்லை. கிழட்டுக் கிடா, வாசல் வேப்ப மரத்தில் கட்டியிருக்கிறார்கள். பெத்தணனுக்கு விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் சாக்குப் பிரித்து எடை போடுகிற வேலை கிடைத்தது. முதல் மாதம் கடைக்கு மேலே நிற்கிற பந்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது, இரண்டாவது மாதம் வத்தல் வாங்க வந்தவர்கள் மட்டும் வந்தார்கள். டோர்னமெண்ட்காரர்கள் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை, ஏனென்றால் ஒரு ஆட்டத்தில் இருக்கிறவன் இன்னொரு ஆட்டத்தில் இறங்க முடியாது. அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை. காணும் பொங்கலுக்கு ஆசிக்கும் ஹஸ்னாவும் வந்தபோது, பந்து ஒரு பனை அளவுக்கு இறங்கியிருக்கிறமாதிரி இருக்கே அண்ணே என்றான் ஆசிக். பெத்தணன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும் தம்பி, என்ன அவசரம்" என்று இலையைப் போட்டான். மாசியில் அம்மாவின் திதிக்கு நாரணாபுரம் போய், சுடுகாட்டில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தான். பந்தும் போய்விட்டு வந்தது.

சூலக்கரையில் அந்த வீட்டைத் தேடி வருகிறவர்களுக்கு யாரும் தெருப் பேர் சொல்வதில்லை, அண்ணாந்து பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். சாயங்காலம் பெத்தணன் சைக்கிளில் திரும்பும்போது ஆள் தெரிவதற்கு முன்னால், வேலிக்கருவேல மரங்களுக்கு மேலே பந்து தெரியும். மில்லில் இருந்து முன்னாலேயே வந்துவிடுகிற குருவம்மாள் வாசலில் நின்று பார்ப்பாள். சில நாள் அது கலெக்டர் ஆபீஸ் முக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிடும், பெட்டிக்கடையில் ரோஜாவுக்கு ஏதோ வாங்குகிறார் என்று அர்த்தம். பிறகு அது திரும்பி, தெருவுக்குள் வரும். அவள் உள்ளே போய் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.